தலை சாய்த்து

பிப்ரவரி 25, சனி

நேற்று ஆண்டவரின் பாடுகள் படம் முடிந்ததும் ஃபாதர் ரெஜிஸ் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நோட்டு கொடுத்தார். படம் நம் மனதில் என்ன செய்தது என்பதைத் தவக்காலம் முடியும்வரை எழுதி, உயிர்ப்பு ஞாயிறு கழிந்து அவரிடம் தர வேண்டுமாம். எனக்கும் ஒன்று நீட்டினார்.

"எனக்கு எழுத்து தெரியாது ஃபாதர்."

"நீங்க சொல்லுங்க. மருமக எழுதட்டும்."

ஆகவே இது நான் சொல்ல, என் மருமகள் ஆஞ்சலா எழுதுவது. என் பேச்சை அப்படியே எழுதினால் ஃபாதர் சிரிப்பார், புத்தகத்தில் இருப்பதுபோல் திருத்திப் போடு என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன். மற்றவர்கள் பேசியதை மட்டும் பேசியபடியே விட்டுவிடச் சொன்னேன். அதைத் திருத்தினால் அது வேறு யாரோ பேசியதாகிவிடும்.

பெயர் இஞ்ஞாசி மொத்தா. கடலுக்குப் போவதை நிறுத்தி நாளாகிறது. ஊரில் என்னைக் கயிற்றுக்காரர் என்பார்கள். ஏன் என்று ஃபாதருக்குத் தெரிந்திருக்காது. போன வருஷப் பாஸ்கா நாடகம் முடிந்த பிறகுதான் அவர் எங்கள் ஊருக்கு மாற்றலாகி வந்தார்.

எங்கள் கோயிலில் ஆளுயரத்துக்கு மரத்தில் செய்த ஆண்டவர் இருக்கிறார். பெரிய வெள்ளிக்கிழமை மத்தியானம் அவரைச் சிலுவையில் ஏற்றுவோம். கழுத்தில் தோல் வைத்த மூட்டு. பிடரியிலிருந்து ஒரு கயிறு, சிலுவை மரத்தில் போட்ட துளை வழியாகப் பின்பக்கம் வரும். கறுப்புத் திரைக்குள் நின்று நான் அதைப் பிடித்திருப்பேன். உபதேசியார் பாடுகளின் வரலாற்றை வாசித்துக்கொண்டே வந்து "தலை சாய்த்து" என்னும்போது ஆண்டவரின் தலை மார்பில் விழும். ஊரே ஓவென்று அழும்.

நான் கயிற்றை இழுப்பதாகத்தான் எல்லோரும் நினைக்கிறார்கள். இழுப்பதில்லை. மரத்தலை கனம், விட்டால் தானாக விழும். விழாமல் நிமிர்த்திப் பிடித்திருப்பதுதான் வேலை. அந்தச் சொல் வந்ததும் கையைத் திறப்பேன்.

பின்னால் நிற்கிறவன் என்பதால் ஆண்டவர் சாவதை ஒரு தரமும் நான் முன்னாலிருந்து பார்த்ததில்லை. அழுகைச் சத்தம்தான் கேட்டிருக்கிறேன்.

நேற்றுதான் பார்த்தேன்.

பிப்ரவரி 26, ஞாயிறு

நேற்று அதற்குமேல் சொல்ல வரவில்லை.

கோயில் முற்றத்தில் திரை கட்டியிருந்தார்கள். படம் வேற்றுப் பாஷை. கீழே தமிழ் எழுத்து ஓடியது. என்னைச் சுற்றி இருந்தவர்களின் கண்கள் எழுத்துக்கு இறங்குவதும் முகத்துக்கு ஏறுவதுமாக இருந்தன. எனக்குக் கீழே இறங்க வேலை இல்லை. முகத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடிக்கிற இடம் வந்தது. ஈர வலையைப் பாறையில் அறைவது போன்ற சத்தம். அடித்தவன் களைத்துப்போய் மூச்சு வாங்கிவிட்டு மறுபடியும் அடித்தான். பெண்கள் முந்தானைக்குள் முகத்தைப் புதைத்தார்கள். பக்கத்து வீட்டுப் பிரகாசி எழுந்து ஓடி மதில் ஓரத்தில் வாந்தி எடுத்தாள். என் மகன் ததேயுஸ் கண் இமைக்காமல் இருந்தான்.

கடைசியில் சிலுவை. ரத்தமும் மண்ணும் அப்பிய முகம். ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. ஏதோ சொன்னார், கீழே எழுத்து ஓடியது, ஊர் அழுதது. அதற்குப் பிறகு அவர் ஒன்றும் சொல்லவில்லை. காத்திருந்தார். திறந்திருந்த கண் மேலே போய், அங்கிருந்து பின்னால் போகப் பார்த்தது. தன் பிடரிக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று தேடுகிற பார்வை. வள்ளம் கவிழ்ந்து ஆள் தத்தளிக்கும்போது, கயிறு எறிவானா என்று அடுத்த வள்ளத்துக்காரனைப் பார்ப்பானே, அதே பார்வை.

என் வலது கை மடியில் மூடிக் கிடந்தது. எப்போது மூடினேன் என்று தெரியவில்லை. அது திறந்தது.

அவர் தலை சாய்ந்தது.

இதை எழுதிவிட்டு ஆஞ்சலா சிரித்தாள். "ஊர்ல எல்லாரும் படம் பாத்தோம் மாமா. நீங்க மட்டும் வேலை பாத்துருக்கீங்க."

மார்ச் 2, வியாழன்

காப்பி டம்ளர் கையிலிருந்து நழுவி விழுந்தது. சூடு அதிகம்.

ஆறின காப்பி என்கிறாள் ஆஞ்சலா. அதை எழுத வேண்டாம்.

மார்ச் 5, ஞாயிறு

பூசை முடிந்து பாஸ்காவுக்கான கூட்டம் நடந்தது. ரொசாரியோ எழுந்தான். இளைஞர் சங்கத் தலைவன், வாய் நீளம், நல்ல பையன்தான்.

"ஃபாதர், படம் பாத்த கண்ணுக்கு இனி மரத்தைக் காட்டினா யாரு அழுவா? இந்த வருஷம் உயிருள்ள ஆளை ஏத்துவோம். தாடி, ரத்தம், அடி எல்லாம் படத்துல வந்த மாதிரி."

"அடியுமா?" என்றார் ஃபாதர்.

"வர்ணம்தான் ஃபாதர், பயப்படாதீங்க."

சிலர் சிரித்தார்கள். கிழவர்கள் என்னைப் பார்த்தார்கள். நான் கூரையில் இருந்த புறாவைப் பார்த்தேன். மர ஆண்டவருக்குக் கழுத்துத் தோல் நைந்துவிட்டது, இந்த வருஷம் அவர் உள்ளேயே ஓய்வாக இருக்கட்டும் என்று உபதேசியார் லெயோன் சொன்னார். ஃபாதர் யோசித்துச் சரி என்றார்.

"யாரு ஏறுவா?"

ஆண்கள் பக்கத்திலிருந்து ஒரு கை உயர்ந்தது. பின்வரிசையிலிருந்து அந்தக் கையை மட்டும்தான் பார்க்க முடிந்தது. முழங்கையில் தூண்டில் கிழித்த தழும்பு. ததேயுஸ்.

வீட்டுக்கு வந்து கேட்டேன். "நேர்ச்சை எப்பா" என்றான். அதற்குமேல் கேட்க ஒன்றும் இல்லை. கல்யாணம் முடித்து இத்தனை வருஷம் ஆகியும் அவர்களுக்குப் பிள்ளை இல்லை. ஆஞ்சலா அடுப்படியில் நின்று அரிசியைத் திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள்.

மார்ச் 9, வியாழன்

ஏலக்கூடத்துக்குப் போனேன். மணலில் ஒரு பெரிய சீலா உயிரோடு வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. ஏலம் இன்னும் தொடங்கவில்லை. சும்மா நின்று அதைப் பார்த்தேன். என் கை மூடியிருந்தது. திறந்தது. மீன் நின்றுவிட்டது.

மீன் சாவது அதிசயம் இல்லை. இருந்தாலும் சொல்லிவைக்கிறேன்.

மார்ச் 13, திங்கள்

கஸ்பார் இறந்துபோனார்.

பிரகாசியின் அப்பா. என்னோடு ஒரே வள்ளத்தில் போனவர். மாசக்கணக்காகப் படுக்கையில் கிடந்தார். சாகக் கிடப்பவர்களுக்கான அவஸ்தை எண்ணெய் பூசி ஆயிற்று, பால் ஊற்றியும் பார்த்தாயிற்று, உயிர் மட்டும் போகவில்லை. சாயங்காலம் பிரகாசி வேலிக்கு மேலிருந்து கூப்பிட்டாள்.

"மாமா, ஒரு எட்டு வந்துட்டுப் போங்க. உங்க பேரைச் சொன்னா கண்ணைத் தொறக்காவ."

போனேன். கட்டிலைச் சுற்றிச் செபமாலை ஓடிக்கொண்டிருந்தது. தலைமாட்டில் முக்காலியைப் போட்டு உட்கார வைத்தார்கள். அவருக்குப் பின்னால், அதாவது என் பழைய இடத்தில்.

"கஸ்பாரு, நாந்தான்ல" என்றேன்.

கண் திறந்தது. மேலே போனது. அங்கிருந்து பின்னால், என் பக்கமாக வரப் பார்த்தது. படத்தில் பார்த்த அதே பார்வை. என் வலது கையைப் பார்த்தேன், இறுக மூடியிருந்தது. மூடியே வைத்திருக்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது. இடது கையால் அதைப் பொத்தினேன். அருள் நிறைந்த மரியே என்று எல்லோரோடும் சேர்ந்து சொன்னேன். விரல்கள் ஒவ்வொன்றாக என் பிடியிலிருந்து விலகின.

தலை வலது பக்கம் சாய்ந்தது.

ஒப்பாரி வெடித்தது. அழுகைக்கு நடுவே பிரகாசி என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "நீங்க வரணும்னுதான் மாமா காத்துக் கெடந்தாவ."

வலது கையைத்தான் ஒற்றிக்கொண்டாள்.

மார்ச் 15, புதன்

கஸ்பாரை அடக்கம் செய்துவிட்டு வந்தோம். மண் அள்ளிப் போடும்போது இடது கையால் போட்டேன். லெயோன் பார்த்தார்.

மார்ச் 20, திங்கள்

டீக்கடைக்குள் நுழைந்தேன். உள்ளே இருந்த ஒருவன், "கயித்துக்காரர் வாறாரு, எல்லாரும் அவனவன் தலையைப் பிடிச்சுக்கோங்கல" என்றான். கடையே சிரித்தது. ஒரு பயல் நிஜமாகவே இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு டீயை உறிஞ்சினான். நானும் சிரித்தேன்.

வீட்டுக்கு வந்தால் வாசலில் தெற்குத் தெரு ஆள் ஒருவர் நிற்கிறார். அவர் அம்மா கிடையில் கிடக்கிறாராம், ரொம்பக் கஷ்டப்படுகிறாராம்.

"ஒரு நிமிசம் வந்து தலைமாட்டுல உக்காந்தாப் போதும் பெரியவரே. கார் கொண்டாந்திருக்கேன்."

அவர் முகத்தில் கேலி இல்லை. அதுதான் பயமாக இருந்தது. மாட்டேன் என்றேன். காரின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டே நின்றார். ஆஞ்சலா வெளியே வந்து, "மாமாவுக்குக் காய்ச்சல்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள்.

"உண்மையைச் சொல்லுங்க மாமா. கஸ்பார் மாமா வீட்ல என்ன நடந்துது?"

"நோட்டுல சொன்னதுதான் தாயி."

"நோட்டுல எழுதினது நான்தான. அதுல இல்லாததைக் கேக்கேன்."

இல்லாதது எதுவும் இல்லை என்றேன். அவள் என் கையை எடுத்துத் தன் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். அழுத்தச் சொன்னாள். அழுத்தினேன். "இவ்வளவுதானா?" என்றாள்.

தவக்காலத்தில் சாப்பாடு குறைவு. பலம் குறையத்தான் செய்யும்.

மார்ச் 26, ஞாயிறு

கோயில் முற்றத்தில் ஒத்திகை.

முன்வரிசையில் எனக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். "இத்தனை வருசமாப் பின்னால நின்னீங்க, இனி ஜம்முனு உக்காந்து பாருங்க" என்றான் ரொசாரியோ.

சிலுவையின் அடியில் கால் வைக்க ஒரு பலகை. மணிக்கட்டுகளில் துணி. அக்குளுக்கு அடியில் ஒரு கயிறு பின்பக்கமாகப் போய் மரத்தைச் சுற்றிக் கட்டப்பட்டிருந்தது, முன்னாலிருந்து தெரியாது. ததேயுஸ் ஏறி நின்றான். தாடி வளர்ந்து, உபவாசத்தில் கன்னம் ஒட்டிக் கிடந்தது. சாம்பல் புதன் முதல் ஒரு வேளைதான் சாப்பிடுகிறான். வர்ணம் பூசாமலே படத்தில் வந்தவர் மாதிரி இருந்தான்.

லெயோன் வாசித்தார். மகன் கண்ணை மேலே கொண்டுபோனான். படத்தைப் பார்த்து அவன் கற்றுக்கொண்டது. மேலே போன கண் அங்கே நிற்கவில்லை. பின்னால் போகப் பார்த்தது.

அதை அவன் படத்தில் பார்த்திருக்க முடியாது. அவன் அப்போது எழுத்தை வாசித்துக்கொண்டிருந்தான்.

என் கையைத் தொடைக்கு அடியில் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன். பிறகு அதுவும் போதாது என்று எழுந்து, சொல் வருவதற்கு முன்பே வெளியே போய்விட்டேன். பின்னால் ரொசாரியோ கத்தினான்: "என்ன பெரியவரே, மகன் நடிப்பு பிடிக்கலியா?"

இரவுச் சாப்பாட்டில் சொன்னேன். "ததேயுசு, நீ ஏற வேண்டாம்ல."

"ஏன்?"

"வேண்டாம்."

"எப்பா, மரத்தை ஏத்தலங்கிற கோவமா உங்களுக்கு?"

"அதில்லல."

"பொறவு?"

என்ன சொல்வது? என் கை உன்னைக் கொன்றுவிடும் என்று பெற்றவன் எப்படிச் சொல்வது? வேண்டாம் என்றே மறுபடியும் சொன்னேன். அவன் தட்டைத் தள்ளினான்.

"நேர்ந்துட்டேன். இதுல பின்வாங்கினா ஆண்டவர் முகத்துல எப்படி முழிப்பேன்? இவ முகத்துல எப்படி முழிப்பேன்?"

ஆஞ்சலா எங்கள் இருவரையும் பார்க்காமல் தட்டுகளை எடுத்துப் போனாள்.

மார்ச் 27, திங்கள்

நேற்றையதை இன்று காலையில் ஆஞ்சலாவுக்குச் சொல்லிக்கொண்டு வந்தேன். என் கை உன்னைக் கொன்றுவிடும் என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. வெகுநேரம் நின்றது. பிறகு எழுதினாள்.

ஏப்ரல் 2, குருத்து ஞாயிறு

குருத்தோலையைப் பிடிக்க முடியவில்லை. பவனியில் இரண்டு தரம் விழுந்தது. பிரகாசி எடுத்து என் சட்டைப் பொத்தானில் செருகிவிட்டாள்.

ஏப்ரல் 4, செவ்வாய்

ஆஞ்சலா மீன் அரிந்துகொண்டிருந்தாள். நான் பக்கத்தில் பூனையை விரட்டிக்கொண்டிருந்தேன். தலையை நிமிர்த்தாமலே பேசினாள்.

"மாமா, அவிய நேர்ச்சையை விடமாட்டாவ. நானும் விடச் சொல்லமாட்டேன். எனக்கும் அது வேணும்."

"தெரியும் தாயி."

"உங்க கைக்கு இத்தனை வருசமா ஒரு வேலை இருந்துது. இந்த வருசம் அதைப் பிடுங்கிட்டாவ. வேலையில்லாத கை சும்மா இருக்குமா? அதான் கண்ட எடத்துல போய் வேலை தேடுது."

வலது கையை வேட்டி மடிப்புக்குள் விட்டுக்கொண்டேன்.

"அதுக்கு அதோட வேலையைக் குடுங்க. மர ஆண்டவர் உள்ளதான இருக்காவ."

பூனை ஒரு தலையைக் கவ்விக்கொண்டு ஓடியது. நாங்கள் இருவருமே அதை விரட்டவில்லை.

ஏப்ரல் 6, பெரிய வியாழன்

மர ஆண்டவர் இருக்கிற அறையின் சாவியை லெயோனிடம் கேட்டேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. என் கையைப் பார்த்துவிட்டுக் கொடுத்தார்.

ஏப்ரல் 8, சனி

நேற்று நடந்ததைச் சொல்கிறேன். என் நாக்கு கொஞ்சம் குழறுகிறது. ஆஞ்சலா கேட்டுக் கேட்டு எழுதுகிறாள்.

ஊர் முழுக்க முற்றத்தில். நான் கோயிலுக்குள் போனேன். ஃபாதர் பூசை உடுப்பு மாற்றுகிற அறையில்தான் மர ஆண்டவரின் பெட்டி. அவரைத் தூக்கி நிறுத்தி, சுவரில் இருந்த கொக்கியில் இடுப்புக் கயிற்றை மாட்டினேன். ஒரு ஆள் செய்கிற வேலை இல்லை அது. எப்படிச் செய்தேன் என்று தெரியவில்லை. சுவருக்கும் அவருக்கும் நடுவே புகுந்து நின்றுகொண்டு பிடரிக் கயிற்றை எடுத்தேன். கையில் இரண்டு சுற்றுச் சுற்றினேன். தலை எழுந்தது. அந்தக் கனம் கையில் ஏறியதும் கைக்கு நிம்மதியாக இருந்தது. எனக்கும்.

எதிரே உடுப்பு அலமாரி. அதன் கதவில் ஆளுயரக் கண்ணாடி. அதை நான் மறந்துபோயிருந்தேன். நிமிர்ந்தபோது கண்ணாடியில் அவர் முகம்.

வர்ணம் உரிந்த முகம். படத்தில் பார்த்தது போன்ற வேதனை அதில் இல்லை. காத்திருக்கிற முகம். மரத்தில் செதுக்கிய கண்கள் கொஞ்சம் மேலே, கொஞ்சம் பின்னால் பார்த்தன. செதுக்கியவனுக்கு இது தெரிந்திருக்கிறது. ஆண்டவரின் தோளுக்குப் பின்னால் ஒரு கிழட்டு முகம் எட்டிப் பார்த்தது. அது நான். இத்தனை வருஷமும் அவர் பார்த்துக்கொண்டிருந்தது என்னைத்தான்.

சன்னல் வழியாக லெயோனின் குரல் கேட்டது. தாகமாயிருக்கிறேன் என்ற இடம் தாண்டியது. காடி கொடுத்தார்கள். எல்லாம் நிறைவேறிற்று. அடுத்து அந்தச் சொல்.

"தலை சாய்த்து."

என் கை திறக்கவில்லை. எனக்கே ஆச்சரியம். பிடித்துக்கொண்டிருந்தேன். வெளியே அழுகை எழவில்லை. ஒரு முணுமுணுப்புதான் கேட்டது. லெயோன் ஏதோ கோளாறு என்று நினைத்திருக்க வேண்டும். குரலை உயர்த்தி இன்னொரு தரம் வாசித்தார்.

"தலை சாய்த்து!"

கை திறந்தது. சுற்றியிருந்த கயிறு தோலை உரித்துக்கொண்டு ஓடியது. மரத்தலை விழுந்தது. நைந்த தோல் அறுந்து, தலை மார்போடு நிற்காமல் தரையில் விழுந்து உருண்டு, அலமாரி அடியில் போய் நின்றது. வெளியே ஊர் அலறியது. வழக்கமான அலறல் என்றுதான் முதலில் நினைத்தேன். அது அழுகை இல்லை.

"பலகை! பலகையைப் பாருங்கல!"

நடந்ததை மற்றவர்கள் சொன்னதிலிருந்து சொல்கிறேன். ததேயுஸின் காலுக்கு அடியில் இருந்த பலகை ஆணி பிடுங்கி இறங்கிவிட்டது. உடம்பு சரிந்ததும் அக்குளில் இருந்த கயிறு மேலேறித் தொண்டையில் இறுக்கிவிட்டது. எல்லோரும் நடிப்பு என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். சொல் வந்தும் தலை மட்டும் சாயவில்லை. லெயோன் இரண்டாம் தரம் வாசித்தும் சாயவில்லை. இவன் ஏன் இன்னும் சாய்க்கவில்லை என்று எரிச்சலோடு எட்டிப் பார்த்தபோதுதான் ரொசாரியோ பலகையைக் கண்டான். ஏறிக் கயிற்றை அறுத்தான். சொன்ன நேரத்தில் தலை சாய்ந்திருந்தால் யாரும் எட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள். அழுதுகொண்டே இருந்திருப்பார்கள்.

ததேயுஸைத் திண்டில் சாய்த்து உட்கார வைத்திருந்தார்கள். கழுத்தைச் சுற்றிச் சிவப்புக் கோடு. என்னைப் பார்த்ததும் கேட்டான். குரலே இல்லை, காற்றுதான் வந்தது.

"நீங்கதானா எப்பா? திரைக்குள்ள?"

"என்னல?"

"சாய்க்கத்தான் பாத்தேன். யாரோ பின்னாலேருந்து பிடரியைத் தாங்கிப் பிடிச்சுக்கிட்டு விடல. நீங்கன்னு நெனச்சேன்."

"எப்ப விட்டுது?"

"ரொசாரியோ கயித்தை அறுத்த பொறவுதான்."

நான் அதற்கு முன்பே விட்டுவிட்டேன். தரையில் உருண்ட தலையை என் கண்ணால் பார்த்தேன். ஆகவே, பிடித்திருந்தது யார் என்று அவனிடம் நான் கேட்கவில்லை.

ஏப்ரல் 9, உயிர்ப்பு ஞாயிறு

என்னையும் ததேயுஸையும் தூத்துக்குடி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்கள். வாதம் என்றார் டாக்டர். மாசக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக வந்திருக்கிறதாம், கவனிக்காமல் விட்டுவிட்டோமாம். வலது கை இனி எழாது. திறந்தபடியே கிடக்கிறது. ஆஞ்சலா சேலையைக் கிழித்து, கையைத் தாங்கக் கழுத்திலிருந்து தூளி கட்டிவிட்டாள்.

மகனுக்கு ஈடாக மரத்தலை மட்டும் போதவில்லை, என் கையையும் கேட்டது. கொடுத்தாயிற்று. மகன் பக்கத்துக் கட்டிலில் மூச்சு விடுகிறான். எனக்குக் குறை இல்லை.

ஏப்ரல் 11, செவ்வாய்

நோட்டைக் கேட்டு ஃபாதர் இன்று ஆள் அனுப்புவார். நேற்று நடந்ததையும் சொல்லி முடித்துவிடுகிறேன்.

பாஸ்காவில் நடித்தவர்களுக்காகவும் வெளியூரிலிருந்து திருநாளுக்கு வந்தவர்களுக்காகவும் ஃபாதர் நேற்றுப் பொழுது சாய்ந்ததும் அந்தப் படத்தை மறுபடியும் போட்டார். ஆஸ்பத்திரியிலிருந்து காலையில்தான் திரும்பியிருந்தோம், நான் வரமாட்டேன் என்றேன். ததேயுஸ்தான் கைத்தாங்கலாகக் கூட்டிப்போனான். முன்வரிசையில் என் பக்கத்தில் உட்கார்ந்தான். அவனுக்கு அடுத்து ஆஞ்சலா.

அடிக்கிற இடம் வந்தது. பிரகாசி இந்தத் தரம் ஓடவில்லை, செபமாலையைப் பிடித்துக்கொண்டு இருந்தாள். ஆணி அடித்தார்கள். நான் தைரியமாக இருந்தேன். என் கை தூளிக்குள் செத்துக் கிடந்தது.

சிலுவையில் அவர் கடைசிப் பேச்சைப் பேசினார். எழுத்து ஓடியது. கண் மேலே போய், பின்னால் போகப் பார்த்தது. காத்திருந்தார்.

தலை சாயவில்லை.

எனக்கு எல்லாம் நினைவிருக்கும். ஒரு தரம் பார்த்தது மாறாது. போன தரம் இத்தனை நேரம் இல்லை. நான் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவர் காத்திருந்தார். கீழே எழுத்து நின்றுவிட்டிருக்க வேண்டும், அங்கே வெளிச்சம் இல்லை. ஆனாலும் என்னைச் சுற்றி இருந்தவர்கள் தலை குனிந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் முகத்தைப் பார்க்கவில்லை.

பின்னால் தேடிய கண் அங்கே யாரையும் காணாமல் திரும்பி முன்னால் வந்தது. முற்றத்தில் இருந்தவர்கள்மேல் மெல்ல நகர்ந்தது. என்மேல் வந்தது. தூளியைப் பார்த்தது. என்னைத் தாண்டிப் பக்கத்தில் போய் நின்றது.

நான் குனிந்து பார்த்தேன். ததேயுஸின் வலது கை அவன் மடியில் இறுக மூடியிருந்தது.

என் இடது கையால் அதைப் பொத்தப் போனேன். எட்டுவதற்குள் விரல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன.

திரையில் தலை சாய்ந்தது. ஊர் அழுதது. ததேயுஸ் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இதை எழுத வேண்டாம் மாமா என்கிறாள் ஆஞ்சலா. எழுது என்றேன். ஃபாதர் படித்தவர், அவருக்குத் தெரிந்தால் சொல்லட்டும்.

இன்று காலை ததேயுஸ் காப்பி டம்ளரைக் கீழே போட்டுவிட்டான். சூடு அதிகம் என்றான். ஆஞ்சலா குனிந்து தரையில் விரலை வைத்துப் பார்த்தாள்.

ஆறின காப்பி.